மயானக் கொள்ளைக் கதைப் பலகை: மூன்று பேர் மூன்று விதமாக எழுதிக் கொடுத்தால் எதை எழுதுவது?

ஏரிக்கரை கேட்டது:

வணக்கம். ஊரில் உள்ள சிறிய அங்காளம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்குள் தலக்கதையைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். தாய்க் கோயிலான மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து கட்டிய கோயில். அதனால் மலையனூர்க் கதைதான் வர வேண்டும் என்பது ஊர் முடிவு. ஆனால் கைக்கு வந்திருப்பது மூன்று கதை.

ஒன்றில், அண்ணாமலையில் முடியைக் கண்டதாகப் பிரமன் பொய் சொன்னான், சிவன் தலையைக் கிள்ளினார், கபாலம் காசியில் விழுந்தது என்று இருக்கிறது. இன்னொன்றில், அங்காளம்மனே மீனவச் சமூகமான செம்படவர் வீட்டுப் பெண், சிவன் ஆசைப்பட்டு மணந்தார் என்கிறார்கள். மூன்றாவது தட்சன் யாகத்தில் தொடங்குகிறது.

எது மலையனூர்க் கதை? செம்படவருக்குப் பூசை உரிமை வந்ததை எப்படிச் சொல்வது? பலகை நாலடிக்கு மூன்றடி. கூடவே, விழாவில் மயானத்தில் படையலை இறைத்துவிடும் சடங்கான மயானக் கொள்ளைக்கு, சுமார் 300 பேர் வந்தால், சூறைப் பொருள் (இறைத்துவிடும் பொருள்) எவ்வளவு வேண்டும், மயானத்தில் செய்யும் மண் உருவம் வெடிக்காமல் இருக்க என்ன வழி என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செஞ்சிவழி:

மூன்றுமே புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் ஒரே பலகையில் ஒட்டினால் கதை அறுந்துவிடும். எங்கே அறுகிறது என்று பாருங்கள்.

புராண வழக்கில் பிரமன் செருக்குற்றான், சிவனிடமிருந்து தோன்றிய பைரவர் இடக்கைப் பெருவிரல் நகத்தால் ஐந்தாம் தலையைக் கிள்ளினார், பழி நீங்க ஊர் ஊராகப் பிச்சை எடுத்தார், காசியில் கபாலம் விழுந்தது. அந்த இடம்தான் கபாலமோசன தீர்த்தம். தஞ்சாவூர்ப் பக்கம் இதே தலை கண்டியூருக்கு உரியது. சிவனின் வீரச் செயல்களுக்குரிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் பிரமன் தலை கொய்த தலம் அதுதான். சிவனின் சாபம் தீர்த்த அரசாபவிமோசனப் பெருமாள் கோயிலும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டிலும் விடுதலை கொடுப்பது தலமோ தீர்த்தமோ பெருமாளோ. அம்பாளுக்கு அங்கே வேலையே இல்லை.

மலையனூரில் எல்லாம் அம்பாளைச் சுற்றித்தான். காரணமே வேறு: அன்று சிவனுக்கும் ஐந்து தலை, பிரமனுக்கும் ஐந்து தலை. பிரமனைக் கணவன் என்று மயங்கிப் பார்வதி வணங்கிவிடுகிறாள். தவறு தெரிந்ததும் கோபம் வருகிறது, சிவனிடம் முறையிடுகிறாள், அவர் பிரமனின் ஒரு தலையைக் கொய்கிறார். தலை அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. கணவன் தலை போனதைக் கண்ட சரசுவதி, பார்வதி அழகிழந்து அலைந்து புற்றில் கிடக்கட்டும் என்று சபிக்கிறாள். இனி கதை இரண்டு தடமாக ஓடும். ஒன்றில் சிவன் பிச்சைக்காரராகத் திரிகிறார். கிடைப்பதையெல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது, அவருக்குப் பசி தீர்வதில்லை. மற்றதில் பார்வதி திருவண்ணாமலை வழியாக வந்து மலையனூரில் புற்றில் அமர்கிறாள். இரண்டு தடமும் சந்திக்கும் இடம் மயானம்.

சந்திப்பில்தான் முடிச்சு இருக்கிறது. அண்ணன் திருமால் யோசனை சொல்கிறார். பார்வதி சமைத்து மூன்று கவளம் எடுக்கிறாள். முதல் இரண்டையும் கபாலத்தில் இடுகிறாள். ருசி கண்டுவிட்ட கபாலம் மூன்றாவதற்குக் காத்திருக்கிறது. மூன்றாவதை அதில் இடாமல் மயானத்துத் தரையில் சூறைவிடுகிறாள். அதைத் தின்னக் கபாலம் கையை விட்டுத் தரையில் இறங்குகிறது. அந்த நொடியில் அவள் அங்காளியாக விசுவரூபம் எடுத்து மிதித்து விடுகிறாள். சிவன் கை விடுபட்டது. ஆனால் இவளுக்குக் கோபம் அடங்கவில்லை. தேவர்கள் தேரின் உறுப்புகளாகி அவளை ஏற்றிக் குளிர்வித்தார்கள் என்று தேர்த்திருவிழாவுக்கும் இங்கேயே காரணம் சொல்லப்படுகிறது.

மலையனூர் மாசி விழாவின் வரிசையையும் கதையோடு வைத்துப் பாருங்கள்: சிவராத்திரியன்று கொடி, இரண்டாம் நாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். கபாலம் விழுந்த பிறகுதான் தேர் வர முடியும். முதல் கதையைப் பலகையில் எழுதி அதில் காசியில் கபாலம் விழுந்துவிட்டால், ஊர் மயானத்தில் நீங்கள் எதைக் கொள்ளைவிடப் போகிறீர்கள்? காசியை வெட்டிவிடுங்கள்.

தட்சன் கதை முன்னொட்டு. சக்தி பீடக் கணக்கில் மலையனூரைச் சேர்க்க விரும்புவோர் அதைத் தலையில் வைப்பார்கள். தவறில்லை, பெரிய கோயில் புத்தகத்துக்குப் பொருந்தும். நாலடிப் பலகைக்கு வேண்டாம்.

---

படவோட்டி:

செம்படவர் பகுதிக்கு நான் சொல்கிறேன். இதில் மூன்று தனித்தனிக் கதைகள் இருக்கின்றன. எல்லோரும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்கள்.

முதலாவது குலக்கதை. செம்படவர் தங்களைப் பர்வதராஜ குலம் என்று சொல்லிக்கொள்வதற்கு அடிப்படை இதுதான். பர்வதராஜன் அசுரர்களைப் பிடிக்கப் படகோட்டி வேடத்தில் நீரில் வலை வீசினான். நீருக்கடியில் தவம் செய்த முனிவரும் வலையில் சிக்கினார். உன் வழியினர் மீன் பிடித்துப் பிழைக்கட்டும் என்று சாபம் வந்தது. பார்வதி அந்தப் பர்வதராஜன் மகள். ஆக, அம்மன் அவர்கள் வீட்டுப் பெண். பூசை செய்பவர்கள் பிறந்த வீட்டார்.

இரண்டாவது, ஏரிக்கரை குறிப்பிட்ட 'சிவன் ஆசைப்பட்ட செம்படவப் பெண்'. இதை மட்டம் தட்ட வேண்டாம். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதியிலேயே இந்த வழக்கு பதிவாகியிருக்கிறது. முதல் கதையில் புராணப் பார்வதி குலத்தின் மகள். இரண்டாவதில் குலத்தின் மகளே தெய்வம். கயிறு ஒன்றுதான், இழுக்கும் முனை வேறு.

மூன்றாவது புற்றுக்கதை. உரிமைக் கதை என்றால் இதுதான். பரவலாகச் சொல்லும் வடிவம்: மலையரசனின் நந்தவனத்தில் புற்று எழுந்தது. அங்கே காவலிருந்த செம்படவர் அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு விளக்கேற்றினார். அரசன் புற்றை இடிக்கச் சொன்னான், அம்மன் சீற்றத்தைக் கண்டு பணிந்தான். முதலில் கண்டு கும்பிட்டவர் கையிலேயே பூசை நின்றது. மலையனூரில் இன்றும் பூசாரிகளும் பரம்பரை அறங்காவலர்களும் இந்தச் சமூகத்தினர்தாம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் கோயில் வந்த பிறகும் அந்த உரிமை போகவில்லை.

உங்கள் பலகைக்கு மூன்றாவது போதும். முதல் இரண்டும் குலத்தார் தம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவை. உங்கள் ஊர்க் கோயிலில் பூசை செய்பவர் யார் என்பதைப் பொறுத்து அவற்றைச் சேர்ப்பதா என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்காமல் எழுதினால் மனத்தாங்கல் வரும்.

பெயர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. செம்படவர் என்பதற்குச் சிவன் படவர், செம்மையான படவர், செம்புப் படவர் என்று பல விளக்கம் உண்டு. படவு என்றால் படகு. அது மட்டும் எல்லா விளக்கத்துக்கும் பொது, மீதியெல்லாம் ஊகம். இவர்கள் ஏரி, ஆறு, குளத்து மீனவர். கடற்கரைப் பட்டினவர் வேறு சமூகம். பலகை வரைபவர் கடலும் கட்டுமரமும் வரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஏரியும் வீச்சுவலையும் வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது என் கருத்து மட்டும்தான். இரண்டு கவளம் ருசி காட்டி, மூன்றாவதைத் தரையில் இறைத்து, பிடியை விட்டு வெளியே வரவைத்து அமுக்குவது. இரை போட்டு மீன் பிடிக்கிறவன் வேலை இதைத் தவிர வேறென்ன? காசிக் கதையில் இந்தக் காட்சி கிடையாது. வலைக்காரர் வாயில் வளர்ந்த கதை என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

---

ஏரிக்கரை:

இரை விஷயம் அருமை. இதுவரை யோசித்ததே இல்லை. இங்கே பூசாரியும் அதே குலம்தான், கேட்டுவிடுகிறேன். பலகைக்கு எத்தனை சொல் வரும் என்று யாராவது சொன்னால் நல்லது. எழுதிக் கொடுத்தவை எல்லாம் இரண்டு பக்கம், மூன்று பக்கம்.

---

செஞ்சிவழி:

நாலடி அகலத்தில் இரு பக்கமும் மூன்று அங்குலம் விட்டால் 42 அங்குலம். பத்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து ஓரங்குல உயரமாவது வேண்டும். அந்த அளவில் வரிக்கு ஆறு சொல் பிடிக்கும். தமிழில் மேலே கொம்பும் சுழியும், கீழே 'கு', 'ளு' வாலும் வருவதால் வரிக்கு வரி இரண்டு அங்குலம் விட வேண்டும். ஒன்றரை அங்குலத்தில் நெருக்கினால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'தீ'யில் இடிக்கும். தலைப்புக்கும் ஓரத்துக்கும் போக 13 வரி மிஞ்சும். மொத்தம் 75 சொல்லைத் தாண்ட வேண்டாம்.

வரைவு:

"ஈசனுக்கும் பிரமனுக்கும் அன்று தலை ஐந்து. பிரமனை ஈசன் என மயங்கி வணங்கிய பார்வதி வெகுண்டு முறையிட, ஈசன் அவன் தலையொன்றைக் கொய்தார். தலை கையில் ஒட்டியது. சரசுவதியின் சாபத்தால் பார்வதி மலையனூரில் புற்றில் அமர்ந்தாள். செம்படவர் புற்றைப் போற்றினர். பிச்சை ஏற்று ஈசன் மயானம் வந்தார். திருமால் சொன்னபடி அன்னை இரு கவளம் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைச் சூறைவிட்டாள். உண்ண இறங்கிய கபாலத்தை அங்காளியாய் மிதித்தாள். ஈசன் கை விடுபட்டது. அந்நாள் மாசி அமாவாசை."

'கிள்ளினார்' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் வந்தாலே பைரவரும் நகமும் பின்னால் வந்துவிடும்.

---

படவோட்டி:

ஒரே திருத்தம். 'செம்படவர் புற்றைப் போற்றினர்' என்றால் எல்லோரும் போய்க் கும்பிட்டார்கள் என்று ஆகிறது. கதையில் கண்டவர் ஒருவர், அவர் செய்தது காவலும் விளக்கும். 'புற்றைக் கண்டு விளக்கேற்றிக் காத்தவர் செம்படவர்' என்று போடுங்கள். சொல் இரண்டு கூடும். உரிமை எங்கிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

---

உலைமூட்டி:

கதை முடிந்தது என்றால் அடுப்புக்கு வருவோம்.

முதலில் பொருளை இரண்டாகப் பிரியுங்கள்: வேகவைத்தது, பச்சை. வேகவைத்தது மூன்றாம் கவளத்துக்கு ஈடு. பச்சைத் தானியம், காய்கறி, சில்லறைக் காசு ஆகியவை வேண்டுதல். சூறையில் பொறுக்கிய தானியத்தை விதையோடு கலந்தால் விளைச்சல் பெருகும் என்று எடுத்துப் போவார்கள். அவித்த பயறு முளைக்காது. ஆகவே நெல், கேழ்வரகு, கம்பு எதுவானாலும் தனிக் கூடையில் உலர்ந்ததாக இருக்கட்டும். சுண்டல் ஈரம் பட்டால் இரண்டுமே வீண்.

300 பேருக்கு அளவு: கொழுக்கட்டைக்குப் பச்சரிசி மாவு 6 கிலோ. கிலோவுக்கு ஒன்றேகால் லிட்டர் கொதிநீர், உப்பு. அதில் 45 கிராம் பிடியாக 50 வரும், ஆக மொத்தம் 300. ஒன்றரை லிட்டர் ஊற்றினால் சாப்பிட மெத்தென்று இருக்கும், ஆனால் வீசினால் காற்றிலேயே உடையும். ஆவியில் 12 முதல் 15 நிமிடம். இறக்கியதும் பையில் கட்டாதீர்கள், வியர்த்துப் பிசுபிசுக்கும். வெள்ளைத் துணியில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு மூங்கில் கூடையில் போடுங்கள். தேங்காய்ப் பூரணம் வேண்டவே வேண்டாம். மாசி வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும்.

பயறு 7 கிலோ: கருப்புக் கொண்டைக்கடலை 3, மொச்சை 2, காராமணி 2. வெந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், 15 கிலோ தேறும். ஒரே அண்டாவில் போடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. கடலையும் மொச்சையும் 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும், காராமணிக்கு 4 மணி போதும். சேர்த்துப் போட்டால் கடலை வேகும்போது காராமணி கூழாகிவிடும். அந்தக் கூழ் மயானத் தரையில் விழுந்தால் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். தனித்தனியாக வேகவைத்து, உப்பைக் கடைசியில் போட்டு, நீரை முழுக்க வடித்துவிடுங்கள். தாளிப்பும் எண்ணெயும் கூடாது.

வெந்ததில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சூறைக்கு வையுங்கள், மீதியைக் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் வீசினால் பாதி மிதிபட்டுப் போகும்.

காசும் தேங்காயும் பற்றி: காசை மேல்நோக்கித் தூவலாம், கூட்டத்துக்கு நேராக எறியக் கூடாது, கண்ணில் படும். முழுத் தேங்காய், பூசணி, பரங்கி எதையும் உயரத்திலிருந்து வீசவிடாதீர்கள். அவற்றைத் தரையில் உருட்டிவிட்டால் போதும். வீசுபவர் மேடை ஒரு பக்கம், பொறுக்குபவர் மறு பக்கம், நடுவில் கயிறு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டாம் என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லிவிடுங்கள்.

இனி மண் உருவம். சாம்பல் அதிகமானால் உருவம் உதிரும். சாம்பலுக்குப் பிடிப்பு கிடையாது. மயான மண் மூன்று பங்கு, சாம்பல் ஒரு பங்கு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், நடுவில் முக்காலடி மேடு என்றால் இரும்புச் சட்டியால் 20 முதல் 25 சட்டி மண் பிடிக்கும். மண்ணையும் சாம்பலையும் சல்லடையில் சலியுங்கள். ஆணி, பாடைக் கம்பி, கண்ணாடி, எலும்புத் துண்டு எல்லாம் அதில் கிடக்கும், மிதிப்பது வெறுங்கால். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் ஈரப்பதம். சேறாகக் குழைத்தால் வெயிலில் இழுத்து வெடிக்கும். அரையடிக்கு ஓர் அடுக்காகத் தட்டி ஏற்றுங்கள். முந்தின இரவே முடித்து ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு, காலையில் மஞ்சள், குங்குமம், கண், நாக்கு. மேலே வேப்பிலை. படையலை வயிற்றுப் பகுதியில் வாழையிலை போட்டு அதன்மேல் வையுங்கள். மண்மேல் கொட்டினால் பிறகு கையில் கொடுக்க முடியாது.

---

செஞ்சிவழி:

உருவத்தில் இன்னொன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: கிடப்பது யார்? சில ஊர்களில் அது அம்மனே, பெரியாயி என்பார்கள். மலையனூர்க் கோயிலிலும் பெரியாயி கிடந்த கோலத்தில்தான் இருக்கிறாள். சில ஊர்களில் அது வல்லாளராசன், அம்மன் அழித்த பகைவன். இரண்டுக்கும் பலகைக் கதைக்கும் நேரடித் தொடர்பில்லை, அது தனிக் கதை. ஆனால் நடைமுறை மாறிவிடும். பகைவன் என்றால் கலைக்கலாம், மிதிக்கலாம். பெரியாயி என்றால் மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்களே தவிர மிதிக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் மற்றொன்றும் நினைத்துக்கொண்டு மயானத்துக்கு வந்தால் அங்கேயே தகராறு. பூசாரியும் பெரியவர்களும் பழைய வழக்கம் என்னவென்று சொல்லட்டும்.

கபாலத்தைக் குறிக்கும் கலமான கப்பரையை எடுக்கும் வழக்கம் இருந்தால் பிரமன் முகம் அதில்தான் வரும். கீழே கிடக்கும் உருவத்துக்குப் பிரமன் முகம் வரையாதீர்கள். கபாலம் இரண்டாகிவிடும்.

---

மாசிநிலா:

நாள் விஷயம் ஒன்று. பலகையில் 'மாசி அமாவாசை' என்று போட்டாகிவிட்டது. ஆனால் கொள்ளை சிவராத்திரிக்கு மறுநாள் என்று கணக்கு வைக்கும் கோயில்களும் உண்டு. 2025இல் சிவராத்திரி பிப்ரவரி 26, கொள்ளை 27, அமாவாசையும் 27ஆம் தேதி காலையிலேயே பிறந்ததால் சிக்கல் இல்லை. அமாவாசை மறுநாள் மாலையில்தான் பிறக்கும் வருடங்களில் இரண்டு கணக்கும் பிரியும், பக்கத்து ஊரும் நீங்களும் வேறு வேறு நாளில் கொள்ளைவிடுவீர்கள். பம்பைக்காரரும் வேடக்காரரும் ஒரே குழு என்றால் நாளை இப்போதே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பலகையில் 'மாசி அமாவாசையை ஒட்டி' என்று மாற்றினால் எந்த வருடமும் அழித்து எழுத வேண்டியிருக்காது.

---

ஏரிக்கரை:

பூசாரியிடம் கேட்டாயிற்று. கிடப்பது பெரியாயிதான், மிதிக்கும் வழக்கம் இல்லை என்கிறார். அப்படியானால் சல்லடை தேவையா?

---

உலைமூட்டி:

தேவைதான். மிதிக்காவிட்டாலும் அந்த மண்ணைக் கைக்குழந்தை நெற்றியில் பூசுவார்கள். மேலடுக்கு இரண்டு அங்குலத்துக்கு மட்டும் மாவுச் சல்லடையில் சலித்த மண்ணைப் போடுங்கள். அடியில் ஜல்லிச் சல்லடையில் சலித்ததே போதும்.